சேக்காட்டில் பதினாறு பெட்டிகள்

ஆவடி ரயில் நிலைய வாசலில் என்னிடம் சொல்லப்பட்ட முதல் தமிழ் வாக்கியம் எனக்கு விளங்கவில்லை.

"இன்னா மேடம், பொட்டிலாம் உன்னாண்டயே கீதா, இல்ல அம்பத்தூர் போய் எத்துகினு வரணுமா?"

கேட்டவர் தோளில் ஓர் அலுமினிய ஏணியைச் சாத்தியபடி நின்றார். நான் மூன்று முறை "என்ன சொல்லுறீங்கள்?" என்றேன். மூன்று முறையும் அவர் அதே வாக்கியத்தைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் குரலும் வேகமும் கூடின. பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த பெண்தான் இரக்கப்பட்டு மொழிபெயர்த்தாள். பெட்டிகள் உங்களிடம் இருக்கின்றனவா, அம்பத்தூர் போய் எடுத்து வர வேண்டுமா என்று கேட்கிறாராம். தமிழிலிருந்து தமிழுக்கு.

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் வரும் நேரத்தில் ஒரு படம்கூடப் பார்த்து முடிக்க முடியாது. ஆனாலும் எனக்கு இது முதல் வெளிநாட்டுப் பயணம். கடவுச்சீட்டில் விழுந்த முதல் முத்திரையை மூன்று கோணங்களில் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தேன். பத்து நாள் வேலை. மழைக்காலம் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும்.

ஏணிக்காரர் பெயர் ஏழுமலை. கேபிள் டிவி இணைப்பு கொடுப்பவர். என் வயதுதான் இருக்கும். எங்கள் ஊர் வழக்கப்படி மரியாதையாக "அண்ணை, நாங்கள் முதல்ல அம்பத்தூருக்குப் போவம்" என்றேன். அவர் நின்றுவிட்டார்.

"அன்னையா? நான் ஆம்பள மேடம்."

அண்ணன் என்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்லுவோம் என்று விளக்கினேன். அவர் சிரித்த சிரிப்பில் ஏணி ஓர் ஆட்டோவின் கூரையில் மோதியது. ஆட்டோக்காரர் சொன்னதை யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

என்னை வரவழைத்து, ஏழுமலையையும் ஏற்பாடு செய்தவள் நித்யா. திருநெல்வேலிக்காரி. கணினி நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறாள். ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. ஒரு மழையில் அவளுடைய ஸ்கூட்டர் நிலத்தடி நிறுத்துமிடத்தில் மூழ்கியபோது, தண்ணீர் வருவதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது. அக்கம்பக்கத்தில் அதே போல நினைத்த எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டாள். தண்ணீர் மட்டத்தை அளந்து, கம்பியில்லாமல் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் சிறு பெட்டிகளைத் தாங்களே செய்யத் தீர்மானித்தார்கள். சேர்ந்த சாமான்களுக்குப் பதினாறு பெட்டிகள்தான் வந்தன. ஆவடியிலிருந்து பூந்தமல்லிவரை எங்கெல்லாமோ தண்ணீர் தேங்குகிறது. பதினாறை எங்கே வைப்பது?

அதுதான் என் தொழில். யாழ்ப்பாணத்தில் மாணவர்களுக்கு இதைப் படிப்பிக்கிறேன். குறைந்த பெட்டிகளை வைத்து நிறைய இடத்தைக் கண்காணிக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் இன்னொன்றின் பேச்சு எட்ட வேண்டும். கடைசியில் எல்லாப் பேச்சும் இணைய இணைப்புள்ள ஒரு தாய்ப்பெட்டிக்கு வந்து சேர வேண்டும். அதற்குப் பக்கத்தில் இருப்பவை மற்றவற்றின் செய்தியையும் சுமப்பதால் அவற்றின் பேட்டரி முதலில் களைத்துப்போகும். அதையும் பார்க்க வேண்டும். நித்யா அனுப்பிய வரைபடத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் கணினியை ஓடவிட்டுப் பதினாறு புள்ளிகள் குறித்திருந்தேன். அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கடவுச்சீட்டைவிடப் பத்திரமாகக் கொண்டுவந்தேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், நித்யாவின் தோழர் ஒருவரின் பட்டறை மூலையில் பெட்டிகள் காத்திருந்தன. வெள்ளை நிறம், மதிய உணவுப் பெட்டியின் அளவு, தலையில் ஒரு கறுப்புக் குச்சி. வரிசையாகப் பார்த்தபோது எனக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதுபோல இருந்தது. பட்டறையில் எல்லோரும் மதியம் ஒரு மணிக்கு ஒரே நேரத்தில் இயந்திரங்களை நிறுத்தினார்கள். அந்த அமைதியில், தெரு முழுவதும் டிபன் பெட்டிகள் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

சாப்பாட்டில் என் முதல் அதிர்ச்சி மறுநாள் காலை. நித்யாவின் வீட்டருகே ஒரு கடையில் இடியப்பம் கேட்டேன். எங்கள் ஊரில் இடியப்பம் என்றால் சொதி, சம்பல். இங்கே தட்டில் தேங்காய்ப்பாலும் சீனியும் வந்தன. யாருடையதோ தட்டு மாறி வந்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் இன்னும் கொஞ்சம் சீனி போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார். அடுத்த மேசையில் வடகறியை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தன் நண்பரிடம், "பாவம், சக்கர வியாதி போல" என்றார். அதற்குப் பிறகு நானும் வடகறிக்கு மாறிவிட்டேன். ஊருக்குத் திரும்பினால் நான் ஏங்கப்போவது அதற்குத்தான்.

மூன்றாம் நாள் பெட்டிகள் வைக்கத் தொடங்கினோம். ஏழுமலையின் பழைய மொபெட்டில் அவர், நான், எங்கள் இருவருக்கும் நடுவே படுக்கைவசத்தில் ஏணி. வளைவுகளில் அந்த ஏணி தெருவின் இரு பக்கத்தையும் தொட்டுப் பார்க்க ஆசைப்படும். "குனிஞ்சிக்கோ, குனிஞ்சிக்கோ" என்று ஏழுமலை முன்னாலிருந்து சத்தம் போடுவார். நான் குனிவதற்குள் பிறர் குனிந்துவிடுவார்கள்.

அவர் இல்லாவிட்டால் ஒரு பெட்டியும் கம்பம் ஏறியிருக்காது. யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், எந்த மாடியில் நாய் இருக்கிறது, எந்த வீட்டில் மதியம் கதவைத் தட்டக் கூடாது, எல்லாம் அவருக்குத் தெரியும். நான் தாளைப் பார்த்துப் புள்ளியைக் காட்டுவேன். அவர் ஒன்றும் பேசாமல் ஏணியைச் சாத்துவார்.

ஐந்தாவது பெட்டி ஆவடியை ஒட்டிய சேக்காட்டில் ஒரு சிறிய தெருவின் முனையில். கம்பத்துக்கு எதிர்வீடு ராணியக்காவுடையது. அவருடைய குடும்பம் தலைமுறைகளாக அங்கேயே விவசாயம் பார்த்த குடும்பம், நிலம் வீடுகளாகிவிட்டது. ராணியக்கா கீழ்த்தளத்தில் ஐந்து தையல் இயந்திரங்கள் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறார். நாங்கள் ஏறி இறங்குவதை வாசலில் நின்று பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"தண்ணி வர்றதுக்கு மின்னாடியே சொல்லுமா?"

"ஓம் அக்கா. ஏரிக் கலங்கல்ல தண்ணி வழியத் தொடங்கினவுடனேயே உங்கட போனுக்கு செய்தி வரும்."

அவர் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். "போன தபா மெஷின் மோட்டார் அஞ்சும் பூட்ச்சி. தெச்சி வெச்ச துணி அத்தனையும் சேறு. அன்னிக்கு யாராச்சும் ரெண்டு மணி நேரம் மின்னாடி சொல்லியிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். பிறகு எங்கள் இருவருக்கும் மோர் கொண்டுவந்தார். ஏழுமலைக்கு இரண்டு டம்ளர், ஏணி ஏறியதற்காக.

நாலாம் நாள் மதியம், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத வேளையில், நித்யா குழுவினரின் ஒன்பது தொலைபேசிகள் ஒரே நேரத்தில் அலறின. சேக்காடு தெருமுனையில் வெள்ளம் கம்பத்தின் உச்சியைத் தொட்டுவிட்டது என்றது செய்தி. நித்யா அலுவலகக் கூட்டத்திலிருந்து எழுந்து ஓடி வெளியே வந்து என்னை அழைத்தாள். "வாசுகி, என்ன நடக்குது அங்க? சுனாமியா?" ஏழுமலையும் நானும் பறந்துபோனோம். தெரு காய்ந்து கிடந்தது. கம்பத்தடியில் ஓர் ஆடு படுத்திருந்தது.

எங்கள் பெட்டி வௌவாலைப் போல வேலை செய்வது. கீழ்நோக்கி ஓர் ஒலியை அனுப்பும். அது தண்ணீரில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடும். அந்த ஒலி வெளியேறும் கண்ணுக்கு நேர் கீழே ஓர் எலுமிச்சம்பழமும் ஏழு பச்சை மிளகாயும் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன.

"கண்ணு படாம இருக்கட்டும்னு நாந்தான் கட்ட சொன்னேன்" என்றார் ராணியக்கா. "தெருவே பாத்துகினு போவுதில்ல?"

ஏழுமலை சிரித்துச் சிரித்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். நான் அக்காவிடம் பொறுமையாக விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை, மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டு, "அப்ப பொட்டி முதுகுல கட்லாமா?" என்றார். கட்டலாம் என்றேன். அறிவியலுக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

பூந்தமல்லிக்கு நான் தனியே போக வேண்டி வந்தது ஐந்தாம் நாள். ஏழுமலைக்குக் கேபிள் வேலை. ஆவடி நிறுத்தத்தில் நின்று பூந்தமல்லிப் பேருந்துக்குக் காத்திருந்தேன். பூவிருந்தவல்லி என்று பலகை போட்ட இரண்டு பேருந்துகள் வந்து போயின. எவ்வளவு அழகான பெயர், ஒரு நாள் அங்கேயும் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது பூவிருந்தவல்லி வந்தபோது பக்கத்தில் நின்ற மாணவி ஒருத்தியிடம், பூந்தமல்லிக்கு எப்போது வரும் என்று கேட்டேன். "அக்கா, அதான் இது!" என்று கத்திக்கொண்டே என்னையும் இழுத்து ஏற்றினாள்.

நடத்துநர் இளஞ்சிவப்புச் சீட்டு ஒன்றைக் கிழித்துத் தந்தார். காசு வேண்டாம், பெண்களுக்கு இலவசம். நான் இந்த நாட்டுக்காரி இல்லை, காசு தரத்தான் வேண்டும் என்று நேர்மையாகச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "லேடீஸ் தானே நீ? அப்பால இன்னா? உள்ள போம்மா." குடியுரிமை இவ்வளவு சுலபமாக ஒரு பேருந்தில் கிடைக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடியில் முந்தைய நாள் மாலை நாங்கள் வைத்துப்போன பெட்டி ஒன்று காலை எட்டு மணியிலிருந்து பேசவில்லை. போய்ப் பார்த்தால் பழுது ஒன்றுமில்லை. பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சுவர்போல நின்றுகொண்டிருந்தன. போதாக்குறைக்கு மெட்ரோ வேலைக்கான இரும்புச் சட்டங்கள். எங்கள் ஊர்ப் பனங்காணியில் கிணறுகளுக்கு இதே மாதிரிப் பெட்டி வைத்திருக்கிறேன். அங்கே மரத்துக்கு மரம் சமிக்ஞை காற்றோடு போகும். என் வரைபடத்தில் பேருந்துகள் இல்லை. அவை எங்கே நிற்கின்றன என்று யாரும் வரைபடத்தில் குறிப்பதில்லை.

பேருந்தைவிட உயரமான இடம் வேண்டும். எதிரே ஒரு பிரியாணிக் கடையின் முதல் மாடிக் கைப்பிடிச் சுவர் தோதாக இருந்தது. கடைக்காரர் பாய் நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, "தாராளமா வெச்சிக்கோம்மா. ஆனா சாப்பிடாம மாடி ஏறக் கூடாது" என்றார். பதினொரு மணிக்கு முழு பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் சாப்பிட்டு, அதன் பிறகு சுவரில் சாய்ந்து நின்று பெட்டியைக் கட்டினேன். முடிச்சுகள் சற்றுத் தளர்வாகத்தான் விழுந்தன. பெட்டி உடனே பேசத் தொடங்கியது.

அந்த மகிழ்ச்சி ஒரு நாள்தான். ஆறாம் நாள், எல்லாவற்றிலும் முக்கியமான பெட்டி வாய் திறக்கவில்லை. ஏரியின் உபரித் தண்ணீர் வெளியேறும் கலங்கலில் வைத்தது. ஏரி நிறைந்து வழிவதை முதலில் பார்க்கப்போவது அதுதான். அது ஊமையானால் மற்றப் பதினைந்தும் தண்ணீர் வந்த பிறகு தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லும் பெட்டிகள். தாய்ப்பெட்டி நித்யாவின் குடியிருப்பு மொட்டை மாடியில் இருந்தது. மாடியில் ஏறி ஏரிப்பக்கம் பார்த்தேன். நடுவே, என் வரைபடத்தில் வெற்று நிலமாக இருந்த இடத்தில், பச்சை வலை போர்த்திய புதிய அடுக்குமாடிக் கட்டடம் எழும்பியிருந்தது. மாடிகளை எண்ணினேன். பதினான்கு.

அதைச் சுற்றிக்கொண்டு செய்தி வர, நடுவில் கைமாற்றிக் கொடுக்க இன்னொரு பெட்டி வேண்டும். பதினேழாவது பெட்டி கிடையாது. இருக்கிற பதினாறில் ஒன்றைக் கழற்ற வேண்டும். அன்று மதியம் கணினியைத் திரும்ப ஓடவிட்டேன். அது தயங்காமல் சொன்னது, ராணியக்கா தெருப் பெட்டி. அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கிறது, இரண்டும் ஒரே உயரம், ஒன்று போதும்.

கணினி சொல்லிவிட்டது. அக்காவிடம் சொல்ல வேண்டியது நான்.

அக்கா தைத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைக்காமலே கேட்டார். சொல்லி முடித்ததும் இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுத்தார்.

"அடுத்த தெருவுக்கும் எங்க தெருவுக்கும் ஒரே ஒசரம்னு யாரு சொன்னது?"

"வரைபடத்தில அப்பிடித்தான் அக்கா."

"வரைபடம் ஒரு மழைக்காச்சும் இங்க குந்திகினு இருந்துச்சா?"

ஏழுமலை மெதுவாக என் பக்கம் திரும்பி, "அளந்து பாத்துட்லாமே மேடம்" என்றார். பக்கத்தில் கட்டட வேலை நடந்த இடத்தில், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீண்ட பிளாஸ்டிக் குழாயை இரவல் வாங்கினோம். தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை நான் இந்தத் தெருவில் பிடிக்க, மறுமுனையை அவர் அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனார். குழாய்த் தண்ணீர் ஆடி அடங்கி நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த தெருவுக்கு இரண்டு மூன்று தடவை புதிய தார் போட்டு உயர்த்தியிருக்கிறார்கள். ராணியக்கா தெரு அதைவிட ஒன்றரை அடி தாழ்வு. அங்கே முழங்கால் நனையுமுன் இங்கே இடுப்பு நனைந்துவிடும்.

"மன்னிக்கோணும் அக்கா. இந்தப் பெட்டி இஞ்சயேதான் இருக்கும்" என்றேன்.

"நீ இன்னா பண்ணுவ, அந்த கம்ப்யூட்டர் சொன்னதத்தானே சொன்ன" என்று அவர் மறுபடி மிதியில் காலை வைத்தார். அந்தப் பெருந்தன்மை வெட்கத்தைக் கூட்டியது. கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தானே.

சரியான உயரங்களைப் போட்டு மறுபடி ஓடவிட்டேன். இந்த முறை அது காட்டிய பெட்டியைப் பார்த்து நித்யாதான் முதலில் பெருமூச்சு விட்டாள். அவளுடைய குடியிருப்பின் நிலத்தடி நிறுத்துமிடத்தில் இருந்த பெட்டி. அங்கே யாரும் வசிக்கவில்லை. வாசல் காவலரே தண்ணீரைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் தாய்ப்பெட்டிக்கு மொட்டை மாடியைக் குடியிருப்புச் சங்கம் கொடுத்ததே அந்த நிறுத்துமிடப் பெட்டிக்காகத்தான்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சங்கக் கூட்டத்துக்கு நானும் போனேன். கைக்கு ஒரு சமோசாவும் காப்பியும் தந்தார்கள். நித்யா எழுந்து நேராகப் பேசினாள். "நம்ம வண்டிய ஒரு போன் பண்ணா மேல ஏத்திடலாம் சார். ஏரில தண்ணி வழியறத யாரும் போன் பண்ணிச் சொல்ல மாட்டாங்க." செயலாளர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் இல்லை. நித்யாவின் ஸ்கூட்டர் மூழ்கிய மழையில் அவருடைய காரும் மூழ்கியதுதான். "அதெல்லாம் சரிம்மா. ஆனா பெட்டிய எடுத்துட்டா மாடிய எதுக்குக் குடுக்கணும்னு இங்க எல்லாரும் கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?" என்றார். கை தூக்கச் சொன்னார்கள். நித்யாவின் கையோடு இன்னும் நாலு கைகள் உயர்ந்தன. மற்ற வரிசைகளில் எல்லோரும் சமோசாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். எனக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. மேற்கே மேகம் கறுக்கத் தொடங்கியிருந்தது. தாளைப் பெஞ்சில் விரித்து, ஏழுமலைக்கு நிலைமையை விளக்கினேன். இது இங்கே, அது அங்கே, நடுவில் இந்தக் கட்டடம். அவர் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு தாளைத் தலைகீழாகப் பார்த்தார்.

"ஒரு டவுட்டு மேடம். இந்தப் பதினாறு பொட்டியத்தான் அங்க இங்க மாத்தி மாத்தி வெக்கற. அந்தப் பெரிய பொட்டி மட்டும் ஏன் அங்கியே இருக்கணும்?"

நித்யா என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன். தாய்ப்பெட்டியின் இடத்தை நித்யா முதல் மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தாள். நான் அதை அடித்த ஆணியாக எடுத்துக்கொண்டு, மீதியை அதைச் சுற்றிக் கணக்குப் போட்டேன். இரண்டு மாதமும் ஒரு தடவைகூட அந்த ஆணியைத் தொட்டுப் பார்க்கவில்லை.

"அதுக்குக் கரண்டும் இன்டர்நெட்டும் வேணும் அண்ணை. உயரமும் வேணும்."

"எங்க கன்ட்ரோல் ரூம்ல எல்லாம் கீதே. சேக்காட்ல. ரெண்டு மாடி, அதுக்கு மேல பழைய டவர். டிஷ்ஷுக்குப் போட்டது. இப்ப காக்கா மட்டும்தான் குந்துது."

"ஏன் அண்ணை முதலே சொல்லேல்லை?"

"நீ எங்க கேட்ட? ஏணி எங்க போடணும்னு மட்டும்தானே சொன்ன."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே சொன்னார். எனக்கு அந்தப் பெஞ்சிலேயே எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது. நித்யா உண்மையிலேயே குதித்தாள். தேநீர் தாளில் கொட்டி ஒன்பதாம் புள்ளி அழிந்துபோனது.

எட்டாம் நாள் காலை ஏழுமலையின் முதலாளி, யாரோ ஒரு பெண் வெளிநாட்டிலிருந்து வந்து தன் பழைய கோபுரத்தைக் கேட்கிறாள் என்ற மகிழ்ச்சியில் உடனே சரி என்றார். ஏழுமலை இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறினார். காகங்கள் இரண்டு கடுமையாக எதிர்த்தன. நான் கீழே மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. சேக்காடு. அடுத்த தெரு. கூவம் பாலம். செந்நீர்க்குப்பம். கரையான்சாவடி, பிரியாணிக் கடை. பிறகு ஒரு நீண்ட இடைவெளி. ஏழுமலை மேலேயிருந்து, "இன்னா மேடம், வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கலங்கல் பச்சையானது. நேராக, யாருடைய தயவும் இல்லாமல்.

"வந்துட்டுது அண்ணை!"

அவர் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு விசில் அடித்தார். தெருவில் போனவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

எந்தப் பெட்டியையும் கழற்ற வேண்டியிருக்கவில்லை. நிறுத்துமிடப் பெட்டியும் அங்கேயே இருக்கட்டும் என்று நித்யா சங்கத்துக்குச் செய்தி அனுப்பினாள். மாடி இனி வேண்டாம், பெட்டி உங்களுக்கே. செயலாளர் அதற்குப் பதிலாக கும்பிடும் கைப் படம் ஒன்றையும் அதன் பின் நீண்ட நேரம் கழித்து, "சாரிம்மா" என்றும் அனுப்பினார்.

பத்தாம் நாள் மாலை எனக்கு விமானம். ஒன்பதாம் நாள் காலை தொடங்கி மழை. எங்கள் ஊரில் மழை பெய்தால் சுண்ணாம்புக் கற்களுக்கிடையே கொஞ்சமாவது கீழே இறங்கிவிடும். இங்கே அதற்குப் போக வழியில்லை, தெருவைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஏழுமலையோடு ராணியக்காவிடம் விடைபெறப் போன நான் மதியம்வரை அங்கேயே மாட்டிக்கொண்டேன். சரியாக இரண்டு மணிக்கு ஒன்பது தொலைபேசிகளும், பத்தாவதாக அக்காவுடையதும், அடித்தன. கலங்கல் வழியத் தொடங்கிவிட்டது.

அக்கா செய்தியை இரண்டு முறை படித்தார். என்னைப் பார்த்து, "இது எலுமிச்சம்பழம் இல்லியே?" என்றார். இல்லை அக்கா என்றேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் பார்த்த ராணியக்கா ஒரு படைத்தளபதி. தையல்காரப் பெண்கள் நாலு பேர், ஏழுமலை, நான். மோட்டார்கள் கழன்றன. இயந்திரத் தலைகள் மாடிப்படி ஏறின. சீருடை மூட்டைகளை ஏழுமலை பரணில் அடுக்கினார். நூல்கண்டுகள், பித்தான் டப்பாக்கள், இஸ்திரிப் பெட்டி, சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டிகூட மேலே போயிற்று. நடுவே நித்யா தொலைபேசியில், எங்கள் குடியிருப்பில் எல்லா வண்டியும் மேட்டுச் சாலைக்கு ஏறியாகிவிட்டது, செயலாளர்தான் குடை பிடித்துக்கொண்டு வழி காட்டுகிறார் என்றாள். ராணியக்கா தெரு முழுக்க வீட்டுக்கு வீடு குரல் கொடுத்தார். "ஏ சரசு, கேஸ் சிலிண்டர மேல ஏத்து! கேக்குதா?"

மூன்றே முக்காலுக்கு எல்லாம் முடிந்தது. கீழ்த்தளத்தில் மிச்சமிருந்தது, துணி வெட்டும் பெரிய மேசை ஒன்றுதான். தூக்க முடியாத கனம். ஏழு பேரும் அதன்மேல் ஏறிக் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தோம். மேலிருந்து யாரோ ஒரு பாத்திரத்தில் சூடாக உப்புமா கொண்டுவந்தார்கள். கைமாற்றிக் கைமாற்றிச் சாப்பிட்டோம். எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தெருவில் தண்ணீர் மெல்ல உயர்ந்தது. முதல் படி மறைந்தது. இரண்டாம் படி. நான் அக்காவின் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். ஒரு பெட்டியாலும் தண்ணீரை நிறுத்த முடியாது; அது வரும் என்று சொல்ல மட்டுந்தான் முடியும். அவர் உப்புமாவில் ஒரு மிளகாயைத் தேடி எடுத்து ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இத்தினி வருசத்துல, தண்ணி வர்றத இப்டி குந்திகினு பாக்குறது இதான் மொதோ தபா" என்றார். "எப்பவும் அதுக்கு முதுகக் காட்டிகினு எதையாச்சும் தூக்கினு ஓடுவேன்."

நாலு மணி தாண்டி ஐந்து நிமிடத்தில் தண்ணீர் வாசற்படியைத் தாண்டியது. பழுப்பாக, ஒரு வேப்பிலையையும் யாருடையதோ ஒற்றைச் செருப்பையும் சுமந்துகொண்டு, வழி தெரியாத விருந்தாளிபோலத் தயங்கித் தயங்கி வெறுந்தரையில் நடந்து வந்தது. ராணியக்கா கால்களை மடக்கி மேசைமேல் சம்மணமிட்டார்.

"வாம்மா, வா" என்றார் அதைப் பார்த்து. "சுத்திப் பாரு. இன்னிக்கு உனுக்கு இங்க ஒண்ணுமில்ல."